சாங்கி டு திருச்சி: தூரம் காட்டுற சைட் எப்படி?

ரெண்டு ஏர்போர்ட் பேரைப் போட்டா தூரமும் பறக்குற நேரமும் காட்டுற ஃப்ரீ சைட் ஒண்ணு, பேரு வேணாம், இந்த வகை எல்லாமே ஏறக்குறைய ஒரே கணக்குதான். அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுப்பேன்.

தூரத்துல குறையே சொல்ல முடியாது. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்லேர்ந்து திருச்சிக்கு சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னைக்கு 2,920. மேப்ல கோடு வேற போட்டுக் காட்டும், மலாக்கா ஜலசந்தியைத் தாண்டி சுமத்ராவுல மேடான் பக்கமா போய் வங்காள விரிகுடாவைக் கடந்து வேதாரண்யம் கிட்ட கரை ஏறுது, எனக்கு டிக்கெட் பாக்குறதை விட இதைப் பாக்குறதுலதான் நேரம் போச்சு. நடுவுல கேஎல் (கோலாலம்பூர்) சேத்துப் பாத்தேன், மொத்தமே 10 கிலோமீட்டர் கூட கூடல! ஏன்னா கேஎல் அந்த வழியிலயே இருக்கு. அதுக்காக கேஎல் வழியா போயிடாதீங்க, அங்க உக்காந்திருக்கிற நேரத்தை இந்த சைட் கணக்குல சேக்கவே சேக்காது.

நேரத்துக்கு அது பண்றது ரொம்ப சிம்பிள், மணிக்கு 800 கிலோமீட்டர்னு வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டி, 4 மணி 14 நிமிஷம்னு போட்டுடுது. காத்து, ரன்வே க்யூ எதுவும் கிடையாது. ஆனாலும் டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு கிட்டத்தட்ட வந்துடுது, அது பரவால்ல.

எரிச்சல் எங்கன்னா, ரெண்டு ஊர் மணியையும் காட்டாது. இங்க சிங்கப்பூர்ல ராத்திரி 8 மணிக்கு கெளம்பினா அங்க 9.45க்கு இறங்குவோம், திரும்பி வர்றப்ப அங்க 11க்கு ஏறினா இங்க விடியக்காலை 5.45 ஆயிடும். எங்கப்பா டிக்கெட்டைப் பாத்துட்டு "போறதுக்கு ரெண்டு மணி நேரம் கூட இல்ல, வர்றதுக்கு மட்டும் ஏழு மணி நேரமாடா, சுத்திக்கிட்டு வர்றானா?"ன்னு கேக்குறாரு. ரெண்டரை மணி நேர வித்தியாசம்ப்பான்னு சொன்னா, அந்தக் காலத்துல ரெண்டு மணி நேரந்தானேங்கிறாரு. அவரு சொல்றதும் சரிதான், 1982ல சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க, அதுக்கு முன்னாடி சரியா ரெண்டு மணி நேரந்தான்.

அப்புறம் சென்னை 60 கிலோமீட்டர் கம்மின்னு பாத்து அங்க டிக்கெட் போடுறவங்களுக்கு: மீனம்பாக்கத்துல இறங்கி திருச்சிக்கு ரோட்டுல 300 கிலோமீட்டருக்கு மேல, அஞ்சாறு மணி நேரம். டிக்கெட்ல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம்னாலும் புள்ளைங்க, பெட்டியோட நான் அந்த வழிக்குப் போக மாட்டேன்.

ஊர் பேரை அரைகுறையா அடிச்சா திருவனந்தபுரம்தான் முதல்ல வந்து நிக்குது, கவனிக்காம கிளிக் பண்ணா 3,100 கிலோமீட்டர்னு காட்டும். பேசாம டிஆர்இசட்னு (TRZ) திருச்சி ஏர்போர்ட்டோட மூணெழுத்துக் குறியீட்டையே அடிச்சுடுங்க, டிஆர்வி அடிச்சா கேரளா.