நிசான் எஞ்சின் போட்ட மொறிஸ் மைனர்: வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர் விற்கிறவர் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கதையைத் தொடங்குவார். "உள்ளுக்கை நிசான் எஞ்சின் கிடக்கு தம்பி. கொழும்புக்கு ஒரே மூச்சில போயிட்டு வரலாம்." எனக்கு இந்தக் காரை விற்ற ஐயாவும் அதையேதான் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை, எஞ்சின் இன்றுவரை என்னை வீதியில் விட்டதில்லை. இத்தனை வருட ஓட்டத்தில் கையைக் கடித்த செலவெல்லாம் அந்த எஞ்சினைப் பூட்டினவர்கள் தொடாமல் விட்டுவிட்ட சாமான்களால் வந்தவை. இப்படியான கார் ஒன்றை வாங்கலாமா என்று அடிக்கடி சொந்தக்காரப் பெடியள் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கார். 1959ஆம் ஆண்டு மைனர் 1000, நாலு கதவு, ஸ்ரீ நம்பர். மொறிஸ் மைனர் 1948இல் வந்து 1971 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினி காரையும் செய்த அதே மனிதர். என் காரில் முதலில் இருந்திருக்க வேண்டியது 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. இப்போது இருப்பது நிசான் கொம்பனியின் டட்சன் 1200 காரில் வந்த ஏ12 எஞ்சின், 1171 சிசி. அந்தக் காலக் கணக்கில் 68 குதிரைவலு. கியர் பொக்ஸும் அதனுடையதே. பாரம் அதிகம் கூடவில்லை, வலு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இந்த மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் கார்களை மதிப்பிடும்போது அது உதவும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பெற்றோல் பொன். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் கார்கள் ஓடின. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது; மிச்சம் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், வால்வில் கரி படியும். அப்படி வருடக்கணக்கில் ஓடிய எஞ்சினைத் திரும்ப எழுப்ப அப்போது சாமானும் இல்லை. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகுதான் தெற்கிலிருந்து ஜப்பான் எஞ்சின்கள் வந்து இறங்கின. என்னுடையதும் அந்தக் காலத்து வேலை. பொனற்றுக்குள்ளே பெற்றோல் போத்தல் வைத்த சின்னத் தகரத் தாங்கி இன்னும் இருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை.

தேவைக்காகச் செய்த மாற்றத்தில் ஒரு நேர்மை உண்டு. ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள், மறைக்க எதுவும் இல்லை. வெல்டிங் அசிங்கமாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். பிற்காலத்தில் கல்யாண வீட்டுக்கும் படம் எடுக்கவும் என்று பதித்து இறக்கி, அலோய் ரிம் போட்டு, வெல்வெற் சீற் அடித்து வருகிற கார்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

சரி, எஞ்சினைச் சுற்றியிருக்கிறவற்றுக்கு வருவோம். 1962இல் மொறிஸ் கொம்பனியே மைனரின் எஞ்சினை 1098 சிசி ஆக்கியது, 37 குதிரைவலு 48 ஆனது. அந்த 11 குதிரைக்காகவே முன் பிறேக் ட்ரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள், பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டு சுற்ற வேண்டிய சுற்றுகள்) 4.55இலிருந்து 4.22 ஆக்கினார்கள். என் காரில் 68 குதிரையைக் கட்டியவர்கள் 7 அங்குலப் பிறேக்கையும் 4.55 டிஃபரன்ஷியலையும் அப்படியே விட்டிருந்தார்கள்.

டிஃபரன்ஷியல் பிழை பணத்தோடு போகிற பிழை. மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் முன் சீற்றில் இருக்கிறவரோடு கதைக்க முடியாத சத்தம், பெற்றோலும் வீண். சுன்னாகத்தில் ஒரு கராஜ் அண்ணை 1098 கார் ஒன்றிலிருந்து கழற்றிய 4.22ஐப் போட்டுத் தந்தார், சத்தம் அடங்கியது. இப்போது லீற்றருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுகிறது. பின் அச்சுக்குள்ளே சக்கரத்தைச் சுற்றும் தண்டு, ஹாஃப் சாஃப்ற், மட்டும் பழைய வலுவுக்குச் செய்தது. அதனால் கிளச்சை உதறி எடுக்கிற பழக்கம் இருக்கிறவருக்கு இந்தக் காரைக் கொடுக்க மாட்டேன். ஸ்பீடோ மீற்றர் சொல்வதை நம்புவதில்லை. அது மொறிஸுக்கு மைல் காட்டச் செய்தது, கேபிள் நிசான் கியர் பொக்ஸிலிருந்து வருகிறது.

பிறேக் அப்படியான விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓடும் வரை அது பிழை என்றே தெரியாது. குடாநாட்டில் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம்? பாலங்களின் முதுகைத் தவிர எல்லாம் தட்டை. பருத்தித்துறை வீதியில் வல்லைவெளியில் விட்டுப் பார்த்தால் வேகம் தெரியும், பக்கக் காற்றில் ஸ்ரியரிங் எப்படி நிற்கிறது என்பது தெரியும். ஆனால் ட்ரம் பிறேக் சூடேறிப் பிடி விடுவது அங்கே ஒருநாளும் தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போதுதான் எனக்கு விளங்கியது: பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது, கருகின மணம் வந்தது, இரண்டாம் கியரில் போட்டுத்தான் இறங்கினேன். வந்த கையோடு முன்னுக்கு டிஸ்க் பிறேக் போடுவித்தேன். அந்தச் செலவைக் கார் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கார்களில் பிறேக் ஒயில் போகும் பாதை ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலிலும் பிறேக் இல்லை. பெடலை மிதிக்க பிறேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், உடலின் அடியில் ஓடும் நீளப் பெட்டிச் சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். பார்க்கப் போகிறவர் தரைவிரிப்பைத் தூக்கி அந்த மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் கறுத்தால் கறுக்கட்டும்.

விரிப்பைத் தூக்கினதோடு கியர் பொக்ஸ் இருக்கும் மேட்டையும் பார்த்துவிடுங்கள். நிசான் பெட்டியை இறக்க அங்கே வெட்டியிருப்பார்கள். முன் சீற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் தாங்கியில்தான் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் இரண்டும் வந்து பூட்டுகின்றன. அந்தத் தாங்கியை வெட்டி, பிறகு மெல்லிய தகட்டால் ஒட்டுப் போட்டிருந்தால் அந்தக் காருக்கு நான் விலை பேச மாட்டேன். எஞ்சின் எவ்வளவு நல்லதென்றாலும்.

றேடியேற்றர். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படைதான் றேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படியும். பழைய 948இன் றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணி ஊற்றி, அதற்குப் பின்னால் ஏ12 ஐ வைத்தால் நல்லூர்த் திருவிழாச் சன நெரிசலில் ஊசி சிவப்புக்கு வந்துவிடும். நான் கழுவுவித்து, ஒரு வரிசைக் குழாய் கூட்டிப் போடுவித்து, மழைத்தண்ணி பிடித்துக் கூலன்ற் கலந்து ஊற்றுகிறேன். அதன் பிறகு பிரச்சினை இல்லை. பார்க்கும்போது மூடியைத் திறந்து (எஞ்சின் ஆறிய பிறகு!) விரலை விட்டுத் தடவினாலே போதும்.

வயரிங்கில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கால மொறிஸ்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். நிசானின் ஓல்ரனேற்றருக்கு எதிர்முனை உடலில் இருக்க வேண்டும். ஒழுங்காக மாற்றிய காரில் அதை எங்காவது எழுதி ஒட்டியிருப்பார்கள். என்னுடையதில் எழுதியிருக்கவில்லை, நான் எழுதி ஒட்டியிருக்கிறேன். பற்றரி இறங்கி, பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் கொண்டு வந்து உதவி செய்கிற நேரத்தில் "பழைய கார்தானே" என்று மாற்றிக் கொழுவினால் ஓல்ரனேற்றருக்கு அத்தோடு முடிவு.

மைனரை மாற்றியிருந்தாலும் மாற்றாவிட்டாலும் கட்டாயம் பார்க்க வேண்டியது முன் சக்கரத்துக்கு உள்ளே இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் மேலும் கீழும் மரை வைத்த ட்ரனியன் உண்டு. சக்கரம் திரும்பும்போது அந்த மரையிலேதான் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் கழன்று, சக்கரம் உள்ளுக்கு மடிந்து கார் மூக்கைத் தரையில் குத்தும். கொம்பனிப் புத்தகம் ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கிறீஸ் அடிக்கச் சொன்னது. ஜக் அடித்துத் தூக்கி, ரயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு டோர்ச் அடித்துக் கிறீஸ் நிப்பிளைப் பாருங்கள். சுற்றிவரக் கறுப்பாகப் பழைய கிறீஸ் பிதுங்கி நின்றால் நல்லது, பார்க்க ஊத்தையாக இருந்தாலும் பரவாயில்லை. நிப்பிளின் வாயிலேயே புதுப் பெயின்ற் மூடியிருந்தால், பெயின்ற் அடித்த நாளிலிருந்து ஒருவரும் அதைத் தொடவில்லை. அலோய் ரிம்முக்கு இருபக்கமும் படம் எடுத்துப் போட்டு விற்கிற கார்களில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்.

கறளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, கடல் சூழ்ந்த ஊர். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வந்த காரென்றால் பின் வில் பூட்டும் இடங்களையும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டியையும் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். மைனருக்குத் தனிச் செசி இல்லை, உடலே செசி, ஆகவே அங்கே ஓட்டை என்றால் அது தகரப் பிரச்சினை மட்டும் இல்லை. ஒரு காந்தம் கொண்டு போங்கள். ஓட்டையை மறைக்கப் பூசுகிற கற்றலோய்ப் பசை இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்காது. அடியில் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். தகடு கிடைக்காது என்ற பயம் வேண்டாம். மைனருக்கான தகடுகள் ஒரு காலத்தில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின, அங்கே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கப்பல் கூலிதான் முழி பிதுங்க வைக்கும்.

இவ்வளவையும் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகும் காசு கொடுக்க வேண்டாம், புத்தகத்தைப் பார்க்கும் வரை. யாழ்ப்பாணத்தில் இதுவே பெரிய தலையிடி. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், அல்லது எப்போதோ காலமாகியிருப்பார். கார் பிறகு மூன்று நாலு கை மாறியிருக்கும், எல்லாம் கையெழுத்து மட்டும் வைத்த ஓப்பின் பேப்பரில். வெளிநாட்டில் உயிரோடு இருக்கிறவரென்றால் அற்றோணித் தத்துவம் எடுத்துச் சமாளிக்கலாம். இறந்தவரென்றால் வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், அதில் ஒருவர் ஒரு கண்டத்தில் இருப்பார். அதோடு எஞ்சின் மாற்றிய காரில் புதிய எஞ்சின் இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். என்னுடையதில் பதியவில்லை. விற்ற ஐயா எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்ததால் பிறகு பதிய முடிந்தது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் என்ன அலைச்சல் என்று நினைக்கவே விருப்பமில்லை.

புத்தகம் எதற்கு, கார் ஓடினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு 2022 வந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்தபோது வாகன இலக்கத்தோடு செசி இலக்கமும் கேட்டார்கள். கிழமைக்கு 20 லீற்றர் எனக்குக் கிடைத்தது. செசித் தகடு கழன்று விழுந்த, புத்தகம் தொலைந்த கார்கள் வளவுக்குள் நின்றன.

விலையைப் பொறுத்தவரை, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு எல்லாப் பழைய காரும் பொன் விலைக்குப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியும் மைனர் விற்கிறவர்கள் பழைய விலையை விட்டு இறங்க மனமில்லாமல் இருக்கிறார்கள். எஞ்சின் மாற்றியதற்காகக் கூடுதல் விலை கேட்டால் நான் ஒத்துக்கொள்வதில்லை. பிறேக், டிஃபரன்ஷியல், றேடியேற்றர் மூன்றும் சேர்த்து மாற்றி, எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் ஏறியிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், அந்த வேலையை நீங்கள் செய்வித்தால் அதைவிடக் கூடத்தான் முடியும். எஞ்சின் மட்டும் மாறியிருந்தால் மாற்றாத மைனரின் விலையிலிருந்து கழித்துத்தான் நான் பேசுவேன். கோப்பாய்ப் பக்கம் ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்த மருமகனுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அந்தக் காரின் புத்தகம் நோர்வேயில் இருக்கிறதாம். வரட்டும், பார்ப்போம்.