வாசலில் வடிகட்டுவதா, நட்சத்திரம் போடுவதா, அலமாரியில் அடுக்குவதா? பறவைப் படத் தொகுப்பைத் தேற்ற மூன்று வழிகள்

எங்கள் பறவை பார்க்கும் குழுவில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறோம். சென்னைப் பக்கம் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கேளம்பாக்கம் கழிவெளி என்று வாராவாரம் போய் எடுக்கிற படங்களை ஆறேழு வருடமாக ஒரே பொதுத் தொகுப்பில் போட்டு வைக்கிறோம். போன பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் காட்டலாம் என்று திறந்தபோதுதான் அதன் நிலைமை உறைத்தது. வெண்மார்பு மீன்கொத்தி மட்டும் முந்நூறுக்கு மேல், பெரும்பாலும் அதே மின்கம்பி, அதே பக்கவாட்டுத் தோற்றம். சேற்றோரம் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களைத் தேடினால் ‘உள்ளான்?’ என்று மட்டும் பெயர் வைத்த நாற்பது படங்கள் வந்தன. எங்கே, எப்போது எடுத்தது என்று ஒன்றில்கூட இல்லை.

எப்படிச் சரிசெய்வது என்று பேச ஆரம்பித்ததும் குழு மூன்றாகப் பிரிந்துவிட்டது. மூன்று பக்கத்துக்கும் உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது, மூன்றையும் உட்கார்ந்து பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எந்த வழியை எடுத்தாலும் படம் எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். எங்கள் தொகுப்பில் பாதி, வாட்ஸ்அப்பில் வந்ததை இறக்கி ஏற்றியவை. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்குவது குறையுமே தவிர நிற்காது. கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்த தேதி, இட விவரமும் அதில் உதிர்ந்துபோகும். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். இந்த ஒரு மாற்றத்துக்கே, இறகின் ஓரம் தெரியாமல் மாவு போலக் குழைந்திருந்த படங்கள் தெளிவாக வர ஆரம்பித்தன.

சரி, முதல் வழி வாசலிலேயே வடிகட்டுவது. விமானப் படம் எடுப்பவர்களின் ஏர்லைனர்ஸ்.நெட், ஜெட்போட்டோஸ் என்ற இணையதளங்கள் இரண்டும் இதற்குப் பேர்போனவை. அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் பரிசோதகர்கள் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தொடுவானம் சாய்ந்திருக்கிறதா, கூர்மையை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறதா, விமானம் படச் சட்டத்தின் நடுவில் இருக்கிறதா, சென்சாரில் ஒட்டிய தூசி வானத்தில் புள்ளியாகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கண்டிப்பு உண்டு, காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அனுப்புகிறவர்களே போட்டோஷாப்பில், மங்கலான வேறுபாட்டையும் தூக்கிக் காட்டும் ஈக்வலைஸ் போட்டுத் தூசிப் புள்ளியைத் தேடி அழித்துவிட்டுத்தான் அனுப்பப் பழகிவிட்டார்கள். இதன் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கறாரான வாசல் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமும்கூட.

ஆனால் நாங்கள் இதை மூன்று மாதம் செய்து பார்த்தோம். நான்கு பேர் பரிசோதகர்கள், நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருநூறு படம் வந்து நிற்கும், புதன்கிழமை வரை பார்த்து முடிக்க முடியாது. அதைவிடப் பெரிய சேதம் வேறு. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், போனைத் தொலைநோக்கியின் கண்ணில் வைத்து எடுத்த படங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். தெளிவில்லை என்று மூன்று முறை திருப்பினோம். “அக்கா, என்கிட்ட இருக்கிற போனுக்கு இவ்வளவுதான் வரும்” என்று ஒரு செய்தி, அத்தோடு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். அந்த மூன்றில் ஒன்று, பறந்து எழும் ஓர் உள்ளான். ஊசிவால் உள்ளானையும் விசிறிவால் உள்ளானையும் உட்கார்ந்திருக்கும்போது பிரித்துச் சொல்வது எங்களில் பெரியவர்களுக்கே கஷ்டம். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விசிறிவால். அவள் படத்தில் அந்தக் கோடு இருந்தது. படம் மங்கல்தான், ஆனால் எங்கள் தொகுப்பில் இருந்த அழகான உள்ளான் படங்கள் எதுவும் சொல்லாத ஒன்றை அது சொன்னது, அதைத்தான் நாங்கள் வெளியே தள்ளினோம். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

விமானத்துக்கு வாசல் பொருந்துகிறது என்றால், அங்கே எடுக்கிறவர் நிற்கிற இடமும் விமானம் வருகிற பாதையும் பெரும்பாலும் தெரிந்தவை, வெளிச்சம் சரியில்லை என்றால் இன்னொரு நாள் போகலாம். உள்ளான் இன்னொரு நாள் வராது. வாசலில் கண்டிப்பு கூடக் கூட, எது தேறும் என்று தெரிந்துகொண்டு எல்லோரும் அதையே எடுக்க ஆரம்பிக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் எங்களுக்கு மீன்கொத்திதான் இன்னும் கூடியது.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு நட்சத்திரம் போடுவது. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றும் படங்கள் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்துக்குப் போகின்றன, அங்கே யார் வேண்டுமானாலும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரலாம். அவர்கள் சொல்லும் விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பறவை எவ்வளவு அரிது என்று பார்க்காதே, படம் எவ்வளவு தெளிவு, பறவை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, முன்னால் இலையோ கம்போ மறைக்கிறதா என்று மட்டும் பார். அதோடு ஒற்றை நட்சத்திரப் படம்கூட அங்கேயே இருக்கும், அன்று அந்தப் பறவையைப் பார்த்ததற்கு அதுதானே சாட்சி. மேலே எது வரும் என்பது மட்டும்தான் மாறும்.

உலகம் முழுக்க ஆட்கள் மதிப்பிடும்போது சராசரி ஓரளவு நியாயமாக வந்துவிடும். ஐம்பது பேர் குழுவில் அப்படி வராது. எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். எழுபது வயதில் காலை ஐந்து மணிக்கே கரையில் வந்து நிற்கும் எங்கள் ஐயாவின் படத்துக்கு யார் இரண்டு நட்சத்திரம் போடுவது? நான் போட மாட்டேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்ததில் பிரபலமான பறவைகளுக்கு எல்லாம் ஐந்து நட்சத்திரம், கரைப்பறவைகள் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவே இல்லை. எண்ணில் காரணமும் இல்லை. ‘மூன்று’ என்று கிடைத்தால் அடுத்த முறை எதைத் திருத்துவது என்று எடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

இதன் பக்கத்திலேயே, எல்லா உயிரினங்களையும் படத்தோடு பதிந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் முறையையும் சொல்லிவிடுகிறேன். படம் அழகா என்று அங்கே கேள்வியே கிடையாது. தேதி, இடம், படமோ ஒலியோ இருந்து, பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனம் என்று ஒத்துப்போனால் ஆய்வுத் தரம். அடையாளம் காணும் வேலைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் காட்சிக்கு வைக்க எதை எடுப்பது என்று இது சொல்லாது.

மூன்றாவது வழிதான் என் மனதுக்கு ஒத்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம் 2004-ல் தொடங்கியது, கோடிக்கணக்கில் கோப்புகள், உரிமம் சரியாக இருந்து ஏதாவது ஒரு பயன் இருக்கும் என்றால் உள்ளே வந்துவிடும். தரம் உள்ளே வந்தபின் பல அடுக்காகப் பார்க்கப்படுகிறது. சிறப்புப் படத்துக்கு வாக்கெடுப்பு, குறைந்தது 7 ஆதரவு வேண்டும், எதிர்ப்பைப் போல இரண்டு மடங்காவது ஆதரவும் வேண்டும். தரமான படம் என்ற அடுக்குக்கு ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டு, வேறு யாரும் மறுக்காவிட்டால் போதும். 2008-ல் வந்த மதிப்புமிக்க படம் என்ற அடுக்குதான் எங்களுக்கு வழி காட்டியது. அங்கே கேள்வி ‘இது நல்ல படமா’ என்பதில்லை, ‘இந்த ஒரு பொருளைக் காட்ட நம்மிடம் இருப்பதிலேயே சிறந்தது இதுவா’ என்பதுதான். நாளைக்கு அதைவிட நல்லது வந்தால் இடம் மாறும்.

அப்புறம் நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு அலமாரி, அதில் ஐந்து தட்டு: ஆண், பெண், இளம்பறவை, பறக்கும் தோற்றம், அது வாழும் இடம். ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருக்கும் இனத்துக்கு நான்கே தட்டு. ஒரு தட்டில் ஒரே படம். பழையதை எடுத்துப் புதியதை வைப்பவர் ‘கால் நிறம் இதில் தெரிகிறது’ என்பதுபோல ஒரு வரி காரணம் எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் மாறி மாறி இந்த வேலையைப் பார்க்கிறார்கள். மற்ற படங்கள் எல்லாம் பின்னால் பொதுக் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன, எதையும் அழிப்பதில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத பலன் காலித் தட்டுகளால் வந்தது. நாள்தோறும் வீட்டு வாசலில் கத்துகிற மைனாவுக்கு இளம்பறவைப் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை என்பது அலமாரி போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. அடுத்த வாரமே மூன்று பேர் அதற்காகவே கேமராவோடு கிளம்பினார்கள். வாழும் இடத் தட்டு இருப்பதால், நெருங்கி நெருங்கி எடுப்பதையே திறமை என்று நினைத்தவர்கள் கோரையும் சேறும் தண்ணீரும் தெரியத் தள்ளி நின்று எடுக்கிறார்கள், பறவையும் கலையாமல் இருக்கிறது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. வேலை அதிகம், முதல் சுற்று அலமாரி அடுக்கவே நான்கு மாதம் பிடித்தது. இரண்டு பேரின் ரசனை கொஞ்சம் ஆதிக்கம் செலுத்தத்தான் செய்யும். உங்கள் குழுவில் பத்துப் பேர்தான் என்றால் இவ்வளவும் வேண்டாம், ஐநேச்சுரலிஸ்டிலேயே ஒரு ப்ராஜெக்ட் தொடங்கிவிடுங்கள். விமானம், ரயில் என்று ஒரே மாதிரி வருவதை எடுக்கிறவர்களுக்கு, பார்க்க ஆளும் நேரமும் இருந்தால், வாசல் முறையே போதும்.

வாசலை நாங்களும் முழுக்க எடுத்துவிடவில்லை. தேதியும் இடமும் இல்லாத படம் உள்ளே வராது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, மற்றவர்கள் சொல்வார்கள். கூட்டை நெருங்கி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறோம், அதில் மட்டும் பேச்சே கிடையாது. தொந்தரவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுக்கு இடத்தை வெளியே காட்டுவதில்லை, ஈபேர்டும் அப்படி மறைத்துத்தான் வைக்கிறது.

விசிறிவால் உள்ளானின் பறக்கும் தட்டில் இப்போது அந்தப் பெண்ணின் மங்கல் படம்தான் இருக்கிறது. அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். காரணம் எழுதும் இடத்தில் ‘பின்விளிம்பு வெள்ளைக் கோடு’ என்று அவளே எழுதினாள்.