மார்னரும் மூன்று தாள்களும்

2025 கோடையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. ஒன்று என்னுடையது, ஒன்று மச்சானுடையது, ஒன்று அவருடைய பதினேழு வயது மகனுடையது. மூன்றிலும் மேலே ஒரே எண்: 95.5 மில்லியன் டொலர். 2025-26 பருவத்தில் வட அமெரிக்கப் பனி ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இன் ஓர் அணி தன் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு அது. கேள்வியும் ஒன்றுதான். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் மிச் மார்னரை என்ன செய்திருக்க வேண்டும்?

ரொறன்ரோப் பக்கத்தில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மார்னர் பக்கத்துத் தெருப் பையன் மாதிரி. அவர் பிறந்ததே மார்க்கத்தில்தான். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2015இல் நான்காவதாகத் தெரிவானார். ஒன்பது பருவங்கள், 657 ஆட்டங்கள், 741 புள்ளிகள் (அடித்த கோலும் அடிக்க உதவியதும் சேர்த்து). அப்படிப்பட்டவர் ஒரு நாளில் லாஸ் வேகாஸ் போய்விட்டார். அதனால் இந்தத் தாள்களை நாங்கள் விளையாட்டுக்கு எழுதவில்லை.

முதலில் இந்த வரம்பைப் பற்றிக் கொஞ்சம். அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் ஒத்துப்போகாததால் 2004-05 பருவத்தில் ஆட்டமே நடக்கவில்லை. லீக்கை வெல்லும் அணிக்குரிய ஸ்டான்லி கிண்ணம் யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில் 39 மில்லியனில் வரம்பு வந்தது. கூடைப்பந்தில் வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டலாம், ஹொக்கியில் முடியாது. நீண்டகாலக் காயத்துக்கு ஒரு சலுகை உண்டு, அவ்வளவுதான். பணம் புரளும் ரொறன்ரோவுக்கும் சின்ன நகரமான வினிபெக்குக்கும் ஒரே அளவு. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் பிரித்தால் வரும் சராசரிதான் வரம்பில் ஏறும். எல்லா ஒப்பந்தங்களும் வெளியே தெரிவதால், தாளும் பேனையும் உள்ள எவரும் முகாமையாளர் ஆகலாம். ரசிகர்கள் இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்த கேப்ஃப்ரெண்ட்லி தளத்தை 2024இல் வொஷிங்டன் கப்பிட்டல்ஸ் அணியே வாங்கி, பொதுப் பாவனையை நிறுத்தியது. அந்தக் கூட்டல் கழித்தல் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

மச்சானின் தாள்: அவரை விடவே கூடாது

எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 12 மில்லியன். வேகாஸ் கோல்டன் நைட்ஸ் பக்கம் அவருக்குக் கிடைத்த அதே ஒப்பந்தம்.

"அப்பா, 12 மில்லியனா? பிளேஆஃபில காணாமப் போறவருக்கா?" என்று மகன் பாய்ந்தான்.

அவன் கோபம் எனக்குப் புரிகிறது. பிளேஆஃப் என்பது பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகள். 2025 மே மாதம் புளோரிடா அணியுடன் இரண்டாம் சுற்று. ஐந்தாவது ஆட்டமும் ஏழாவது ஆட்டமும் ரொறன்ரோவில் நடந்தன, இரண்டிலும் 6-1 என்று தோற்றோம். 1967க்குப் பிறகு கிண்ணத்தைப் பார்க்காத ஊர் இது. ஆனால் 'காணாமல் போகிறவர்' என்பது சரியில்லை. ரொறன்ரோவுக்காக 70 பிளேஆஃப் ஆட்டங்களில் மார்னர் எடுத்தது 63 புள்ளிகள். குறை சொல்வதென்றால் தீர்மானமான இரவுகளைச் சொல்லலாம், மொத்தத்தைச் சொல்ல முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை மச்சான் பக்கம்தான் நியாயம் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நாள் ஆனது. 2019இல் மார்னர் ஏறத்தாழ 10.9 மில்லியனுக்குக் கையெழுத்திட்டபோது வரம்பு 81.5. அதில் அவர் பங்கு 13.4 வீதம். 95.5இல் 12 மில்லியன் என்பது 12.6 வீதம். அதாவது 102 புள்ளிகள் எடுத்த பருவத்துக்குப் பிறகு, 2019இல் இருந்ததைவிட அவர் மலிவு. வரம்பு 2026-27இல் 104, 2027-28இல் 113.5 என்றும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அந்தக் கடைசிப் பருவத்தில் 12 மில்லியன் 10.6 வீதத்துக்கு இறங்கிவிடும்.

எங்களில் பலர் '12' என்ற எண்ணைப் பழைய தராசில் வைத்துப் பயந்தோம். அந்தப் பயம் வந்த இடமும் தெரிந்ததுதான். 2019-20இல் எங்கள் முன்னணி வீரர்கள் மத்யூஸ், தவாரெஸ், மார்னர், நைலாண்டர் நால்வருக்கும் சேர்த்து ஏறத்தாழ 40.5 மில்லியன், வரம்பில் பாதி. வரம்பு ஆண்டுதோறும் ஏறும் என்று நம்பிச் செய்த ஒப்பந்தங்கள் அவை. கோவிட் வந்தது, வரம்பு மூன்று பருவங்கள் 81.5இலேயே நின்றது. 2021இல் எங்கள் வீரர் சாக் ஹைமன் ஆண்டுக்கு 5.5 மில்லியனுக்கு எட்மண்டன் போனார். 2023-24இல் அங்கே 54 கோல் அடித்தார். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும்.

2025 வேறு. மத்யூஸ் 13.25, நைலாண்டர் 11.5, மார்னர் 12, இளம் வீரர் நைஸ் 7.75, தவாரெஸ் 4.38. கூட்டினால் 49 மில்லியனுக்குச் சற்றுக் கீழே. முன்பு பாதி வரம்பு நால்வருக்குப் போனது. இப்போது ஏறத்தாழ அதே பாதி ஐவருக்குக் காணும். தவாரெஸ் 11 மில்லியனிலிருந்து இறங்கி வந்து விட்டுக்கொடுத்த பணம், நைஸுக்குக் கொடுத்த உயர்வைக் கிட்டத்தட்ட அப்படியே அடைத்தது. கணக்கு பொருந்துகிறது.

பிறகு ஏன் நடக்கவில்லை? அந்தத் தாளில் ஒரு கையெழுத்துக் குறைகிறது, மார்னருடையது. ஒன்ராறியோவில் உச்ச வருமான வரி 53.53 வீதம். நெவாடாவில் மாநில வருமான வரியே இல்லை. ஆட்டம் நடக்கும் இடத்தைப் பொறுத்து வரி பிரியும் என்பதால் முழு வித்தியாசமும் கைக்கு வராது, ஆனாலும் சின்னத் தொகை இல்லை. பணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோல்விக்கும் முதல் விரல் அவரை நோக்கியே நீண்டது. என் விரலும் அதில் இருந்தது, அதற்காக வருந்துகிறேன்.

மகனின் தாள்: பணத்தைப் பிரித்துப் போடு

ஏறத்தாழ இதைத்தான் அப்போதைய பொது முகாமையாளர் பிராட் ட்ரெலிவிங்கும் செய்தார். அணி தன் சொந்த வீரருக்கு எட்டு ஆண்டுகள் கொடுக்கலாம், வெளி அணி ஏழுதான் என்பது அப்போதைய விதி. அதனால் ரொறன்ரோவே எட்டு ஆண்டு ஒப்பந்தத்தை எழுதி, அவர் ஜூலை 1ஆம் திகதி எந்த அணிக்கும் போகக்கூடிய கட்டற்ற வீரராகும் முன் வேகாஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு நிக்கொலா ருவா வந்தார், 3 மில்லியன். யூட்டாவிலிருந்து மத்தியாஸ் மச்செல்லி, 3.425. வான்கூவரிலிருந்து டகோட்டா ஜோஷுவா, 3.25. மூவருக்கும் சேர்த்து 9.675 மில்லியன். மார்னரின் பழைய சம்பளத்தில் மூன்று பேர், மேலே ஒரு மில்லியனுக்கு மேல் மிச்சம்.

தாளில் பார்த்தால் அழகுதான். மகன் இதற்குப் புளோரிடாவை ஆதாரமாகக் காட்டினான், அதுவும் நல்ல ஆதாரம். 2024-25இல் அதன் நட்சத்திரங்கள் பார்கோவ் 10, டகாச்சுக் 9.5, ரைன்ஹார்ட் 8.625. ஒருவர்கூட 10ஐத் தாண்டவில்லை. அதே பருவத்தில் எங்கள் மூவர், மத்யூஸ், நைலாண்டர், மார்னர், அவர்களைவிட ஏறத்தாழ 7.5 மில்லியன் அதிகம். ஒரு முதல்தரத் தடுப்பாட்டக்காரரின் சம்பளம் அது. 2024லும் 2025லும் கிண்ணம் புளோரிடாவுக்கு. (அங்கேயும் மாநில வருமான வரி இல்லை என்பதை அவன் தாளில் எழுதவில்லை.)

ஆனால் புளோரிடா செய்தது நட்சத்திரத்தைச் சில்லறையாக மாற்றியது அல்ல. நட்சத்திரங்களை மலிவாகக் கட்டிப்போட்டது. இரண்டும் வேறு வேறு. ஹொக்கியில் ஓர் அணிக்குப் பனியில் கோல் காப்பாளரைத் தவிர ஐந்து பேர், அறுபது நிமிடம். மார்னர் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடுவார், தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறையும் நேரத்திலும் ஆடுவார், எங்களுக்கு ஆள் குறையும் நேரத்திலும் ஆடுவார். மூன்று 3 மில்லியன் வீரர்கள் ஒரே ஆளின் இடத்தில் ஒன்றாக நிற்க முடியாது. மாறி மாறிப் பனியில் இறங்கும் வரிசைகளில் மூன்றாவது தடிப்பாகும், முதலாவதில் ஓட்டை விழும்.

இதை நாங்கள் முன்பே பட்டிருக்கிறோம். 2019இல் 4.5 மில்லியன் நசீம் காத்ரியைக் கொலராடோவுக்குக் கொடுத்து, டைசன் பாரி, அலெக்சாண்டர் கெர்ஃபுட் என்று இருவரை வாங்கினோம். ஒருவருக்கு இருவர் என்று அன்று நானே சந்தோஷப்பட்டேன். பாரி ஒரு பருவத்தில் போய்விட்டார். காத்ரி 2022இல் கொலராடோவில் கிண்ணத்தைத் தூக்கினார்.

என் தாள்: 2023 ஜூன்

என் தாளில் ஒரு பெயரும் ஒரு திகதியும்தான். மார்னரின் ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனை 2023 ஜூலை 1ஆம் திகதிதான் உயிர்பெற்றது. அதற்கு முதல் நாள் வரை அணி நினைத்தால் ட்ரேட் செய்யலாம், அதாவது வேறு அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவர் 99 புள்ளிகளுடன் முடித்திருந்தார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பருவங்கள். வாங்குகிறவர் நல்ல விலை கொடுக்கக்கூடிய கடைசி நேரம் அது.

அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று பாருங்கள். மே நடுப்பகுதியில் புளோரிடாவிடம் இரண்டாம் சுற்றில் தோற்றோம். அடுத்த சில நாட்களில் கைல் டூபஸ் முகாமையாளர் பொறுப்பிலிருந்து போனார். ட்ரெலிவிங் வந்தது மே 31. மத்யூஸின் ஒப்பந்தமும் நைலாண்டரின் ஒப்பந்தமும் ஒரே ஆண்டு மீதத்தில் அவர் மேசையில் கிடந்தன. புது ஆள், ஒரே மாதம், மூன்று பெரிய முடிவுகள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போக இருக்கும் நட்சத்திரத்தை முன்பே மாற்றிக் கொடுப்பது என்றால் என்ன என்று வேறு யாரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். 2022 ஜூலையில் கல்கரியின் முகாமையாளராக இருந்தபோது, நீண்டகாலம் தங்க மாட்டேன் என்ற டகாச்சுக்கைப் புளோரிடாவுக்கு அனுப்பியவர் அவர். பதிலுக்கு 115 புள்ளிகள் எடுத்த ஹூபர்டோ, வீகர், ஓர் இளம் வீரர், நிபந்தனையுடன் முதல் சுற்றுத் தெரிவு ஒன்று. அன்றைக்குத் தாள் எழுதிய எவரும் கல்கரிதான் வென்றது என்றிருப்பார்கள். நானும் சொன்னேன். அடுத்த பருவம் ஹூபர்டோ 55 புள்ளிகள். கையில் ஆண்டுக்கு 10.5 மில்லியன் என்று எட்டு ஆண்டு ஒப்பந்தம். டகாச்சுக்குக்கு இரண்டு கிண்ணங்கள்.

ஆகவே என் தாளிலும் உறுதி இல்லை. 2023இல் மார்னரைக் கொடுத்து வாங்கும் ஆள் இன்னொரு ஹூபர்டோவாக இருந்திருக்கலாம். ஆனாலும் நான் அதையே தெரிவுசெய்வேன். ட்ரேடில் விலையைப் பேசுகிறவர் நாமாக இருக்கிறோம். 2025 மார்ச்சில், கரோலைனா அணியிலிருந்த நட்சத்திர வீரர் ரான்டனனுக்கு மாற்றாகப் போக மார்னரிடம் சம்மதம் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. மறுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அந்த உரிமையைக் கொடுத்தது அணிதான். ரான்டனன் டல்லாஸ் போய், பிளேஆஃப் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் தன் பழைய அணியான கொலராடோவுக்கு எதிராகக் கடைசிக் காலப்பகுதியில் மூன்று கோல் அடித்தார். நாங்கள் ஸ்காபரோவில் இருந்து பார்த்தோம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால், பணத்தில் மச்சானின் தாள் சிறந்தது, ஆனால் ஆள் வர மாட்டார். மகனின் தாள் நடக்கக்கூடியது, ஆனால் அணி பலவீனமாகும். என்னுடையது ஒரு மாதம் மட்டுமே திறந்திருந்த கதவு. 2025இல் உட்கார்ந்து எழுதினால் மகன் சொன்னதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் மிச்சப் பணத்தைச் சும்மா விடாமல் ஓரத்தில் ஆடும் ஒரு பெரிய விங் வீரருக்காக வைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவனும் ஏற்றுக்கொண்டான்.

அப்புறம் அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதினான். மத்யூஸ், 13.25, ஒப்பந்தம் 2028 வரை, முழுக் காலமும் சம்மத நிபந்தனை. நீட்டிப்புப் பேசக்கூடிய முதல் நாள் 2027 ஜூலை 1.

"மாமா, இவரிட்ட எப்ப கேக்கிறது?"

"அதுக்கு முதலே" என்றேன். அவன் 2027ஐ வெட்டிவிட்டு 2026 என்று எழுதினான்.