பாண்டி நோட்டும் அசகுசா மையும்

புதுச்சேரியில் கைக்காகிதம் விற்கும் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு வாங்கிய நோட்டு இது. கடைப்பெயர் வேண்டாம், பையன் தங்கமான பையன். "தூரிகையால் எழுதினால் மை ஊறுமா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். "இங்க் பேனாவே ஊறாதும்மா" என்றான்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் மகன்தான் கிளப்பிவிட்டான். அங்கே கோயிலில் கும்பிட்டதற்கு அடையாளமாக நம் நோட்டில் எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள், கோஷுயின் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் 300, 500 யென். அதற்கென்றே புத்தகம் விற்கிறார்கள். கடலூர்க்காரிக்கு அதை அங்கே போய் வாங்க மனசு வருமா?

டோக்கியோவின் அசகுசா பகுதியில் சென்சோஜி என்ற புத்தக் கோயில். அங்கே கருணைத் தெய்வமான கன்னோனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து யோகோதோ மண்டபத்தில் நோட்டை நீட்டினேன். எழுதுபவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். தைத்த நோட்டாச்சே, விரித்தால் நடுவில் மேடு. ஒரு கையால் அழுத்திக்கொண்டே எழுதினார். வலது ஓரம் 'ஹோஹாய்', அதாவது பணிந்து வணங்கியது. நடுவில் தெய்வத்தின் பெயர். இடது ஓரத்தில் தேதி, அதுவும் 2025 இல்லை, ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக் கணக்கில் ரெய்வா 7. மேலே சிவப்பு முத்திரைகள். கை ஓடிய அழகு கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் என் காகிதத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் மயிர் முளைத்தது. பின்பக்கம் திருப்பினால் அங்கேயும் கன்னோன்! எழுதியவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, மை ஒற்றும் தாளை இடையில் வைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

சரி என்று அவர்கள் புத்தகத்தையே வாங்கினேன். தையலே இல்லை, விசிறி மாதிரி மடிப்பு. மேஜையில் பப்படமாகப் படுக்கிறது. ஒவ்வொரு பக்கமும் இரட்டைத் தாள், மை அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

அதன் முதல் பக்கம் நம் பிள்ளையாருக்கு. சென்சோஜியிலிருந்து நடக்கும் தூரத்தில் மட்சுச்சியாமா ஷோதென் என்ற கோயில். அங்கே அவர் பெயர் கான்கிதென். உருவத்தைக் காட்டமாட்டார்கள். படையல் முள்ளங்கி, வெள்ளை வெளேரென்று முழ நீளம். கோயிலெங்கும் முள்ளங்கியும் பணப்பையும்தான் சின்னம். மணக்குள விநாயகருக்கு அருகம்புல் சாத்தியே பழகிய கை, முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கொஞ்சம் கூச்சப்பட்டது.

நோட்டுக்கு வருவோம். பென்சிலுக்குப் பிரமாதம். இப்போது அதில் மார்கழிக் கோலங்கள் போட்டு வைக்கிறேன், புள்ளி அச்சு மாதிரி விழுகிறது. அதற்காக ஐந்துக்கு மூன்று. தூரிகை மைக்கு என்றால் ஒன்றுகூடத் தரமாட்டேன்.

போன வாரம் கடைப் பையனிடம் சொன்னேன். "அந்த மடிப்புப் புத்தகத்தைக் கொண்டு வாங்கம்மா, பிரிச்சுப் பார்த்துச் செஞ்சு தரேன்" என்கிறான். பிரிக்கவா! போட்டோ மட்டும் அனுப்பியிருக்கிறேன்.