மீன் கழிவுக் கூட்டெரு: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது கடைகளில் யூரியா கிடைக்கவில்லை. மட்டக்குளியில் எங்கள் பின்வளவில் நின்ற கத்தரியும் வெண்டியும் மஞ்சளடித்தன. பேலியகொடைப் பக்கம் மீன் பதனிடும் இடமொன்றில் வேலை செய்யும் மச்சான்தான், "தலையும் குடலும் பீப்பாய் பீப்பாயாய்ப் போகுது, வேணுமென்றால் எடுங்கோ" என்றார்.

முதல் குவியல் பிழையாய்ப் போய்விட்டது. மீன் ஒரு வாளி, தும்புத்தூள் ஒரு வாளி என்று போட்டேன். ஐப்பசி மழை வேறு. நாலாம் நாள் கண் எரியும் அமோனியா நெடி, இலையான், அடியில் கறுத்த தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிழமையாக ஜன்னல் திறக்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டேன்.

மீனில் நைதரசன் மிக அதிகம். நைதரசன் 1 பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். மிஞ்சும் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். அதாவது மூக்கில் ஏறுவது செடிக்குப் போகவேண்டிய பசளை! இப்போது மீன் ஒரு வாளிக்குக் காபன் நிறைந்த காய்ந்த இலை, மரத்தூள், தும்புத்தூள் எல்லாம் சேர்த்து நாலு வாளி போடுகிறேன். மீன் எப்போதும் நடுவில்தான். மேலே ஒரு சாண் கனத்துக்கு உலர்ந்ததை மூடி, தகரம் வைப்பேன். நெடி இல்லை.

குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பி எப்போதும் நிற்கும். மூன்றாம் நாள் உருவினால் கையில் பிடிக்க முடியாது. 55 பாகைக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமி சாகும் என்பதால் வெப்பமானியும் வாங்கினேன். அப்புறம் வெளிப்பக்கத்தை உள்ளே புரட்டி மறுபடி சூடேற விடுவேன்.

அவசரப்படக் கூடாது. ஒருமுறை ஆறு கிழமையில் எடுத்துப் போட்டுத் தக்காளிக் கன்றெல்லாம் நுனி கருகியது. இப்போது மூன்று மாதம் பொறுத்து, ஒரு கோப்பை எருவில் பயறு போட்டுப் பார்க்கிறேன். முளைத்து நிமிர்ந்தால் சரி. அந்தப் பக்குவத்தில் மீன் முள்ளை விரலால் நசுக்கினால் பிஸ்கட் மாதிரி உதிரும். கத்தரி இரண்டாம் போகத்திலேயே தெளிந்தது, கீரைக்கு வேறொன்றும் போடுவதில்லை.

கோழி இறகும் போட்டுப் பார்த்தேன். நாலு மாதத்துக்குப் பிறகும் தண்டு தண்டாகக் கிடந்தது, விட்டுவிட்டேன். தோல் பதனிடும் இடத்துக் கழிவை யார் தந்தாலும் வாங்காதீர்கள். குரோமியம் என்ற பார உலோகம் ஏற்றிய தோல் துண்டு மரக்கறிப் பாத்திக்கு ஆகவே ஆகாது.

மாடிவீட்டில் இது வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றராவது இல்லாவிட்டால் சூடு நிற்காது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கும் தங்கச்சிக்குப் பக்குவமான எருவைத்தான் உரப்பையில் கட்டி அனுப்புகிறேன்.