அண்டை நிலையமா, அருகிலேயே இன்னொரு மானியா?

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரின் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. ராஜஸ்தானின் பலோடியில் 2016இல் பதிவான 51 டிகிரிதான் அதுவரை நாட்டின் உச்சம் என்பதால், அந்த எண் உடனே உலகச் செய்தியாயிற்று. அன்று நகரின் மற்ற நிலையங்கள் காட்டியதோ 45.2 முதல் 49.1 வரைதான். பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறை, தரப்படுத்தப்பட்ட கருவியோடு ஒப்பிட்டு, முங்கேஷ்பூர் சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாக அறிவித்தது.

இப்படித் தானியங்கி நிலையம் தரும் எண் சரிதானா என்று சோதிக்கும் வழிகளில் மலிவானது வரம்புச் சோதனை, அதாவது எண் இயல்பான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. நம்ப முடியாத உச்சத்தைக் கணினியே பிடித்துவிடும். ஆனால் 3 டிகிரி மிகையாகக் காட்டும் சென்சார், 38 டிகிரி நாளில் 41 என்று சொன்னால் இச்சோதனைக்கு எதுவும் உறைக்காது. முங்கேஷ்பூர் எண் கண்ணில் பட்டதே அன்றைய வெயிலின் புண்ணியத்தால்தான்.

அண்டை நிலையங்களோடு ஒப்பிடுவது, வெப்பநிலையைப் பொறுத்தவரை, இதைவிடப் பல மடங்கு மேல். மழைக்கு அதே முறை காலை வாரிவிடும். 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் சுமார் 35, தாம்பரத்தில் 49 பதிவாயின. நுங்கம்பாக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர் தாம்பரத்தின் எண்ணைப் பிழையென்று ஒதுக்கியிருப்பார். செம்பரம்பாக்கத்தின் 47ஐயும் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது. ஆகவே எந்த அண்டை நிலையத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே முடிவு மாறிவிடுகிறது.

மழைக்கு நான் நம்புவது, அதே இடத்தில் சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் காலை 8.30க்கு அளவுக்குடுவையில் ஊற்றிப் பார்ப்பதைத்தான். ஆள் வேண்டும், தவறாத நேரம் வேண்டும். எல்லா நிலையத்துக்கும் இது கட்டுப்படியாகாது. இயலாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். தானியங்கி மழைமானிக்குள் சிறு கிண்ணங்கள் மாறிமாறிக் கவிழ, அவற்றின் எண்ணிக்கையே மழையளவாகிறது. வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டரும், ஒரு கவிழ்ப்புக்கு 0.5 மில்லிமீட்டரும் கொண்ட மானியில், ஒரு லிட்டர் என்பது 50 மில்லிமீட்டர் மழை, அதாவது 100 கவிழ்ப்பு. சொட்டுச்சொட்டாக விட்டு எண்ண வேண்டும். மடமடவென்று ஊற்றினால், கிண்ணம் கவிழும் இடைவெளியில் வரும் நீர் கணக்கில் சேராமல் எண்ணிக்கை குறையும். கொட்டும் மழையில் இத்தகைய மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். மெதுவாக விட்டும் எண்ணிக்கை குறைந்தால் புனலைக் கழற்றிப் பாருங்கள்: பெரும்பாலும் சருகோ, பறவை எச்சமோ, சிலந்தி வலையோ துளையை அடைத்திருக்கும்.

இருந்தாலும் இச்சோதனை கருவியை மட்டுமே பேசும், அது நிற்கும் இடத்தைப் பேசாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைத்த மானி, நூறு முறை சரியாகக் கவிழ்ந்து காட்டினாலும், காற்றில் சாய்ந்து வரும் மழையில் ஒரு பகுதியைத் தொட்டிச் சுவரிடம் பறிகொடுத்துக்கொண்டேயிருக்கும்.