அலையை அமுக்குமா இந்தக் குட்டிப் பெட்டி?

கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து பேசினார். தம்பியின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம். வாப்பா அதை வீட்டு டிவியில் பென் டிரைவ் செருகிப் பார்க்க வேண்டுமாம், அதுவும் ஒரே ஃபைலாக. "நடுவுல எந்திரிச்சு அடுத்த ஃபைல் போட வாப்பாவுக்குத் தெரியாது." சரி காக்கா (அண்ணன்) என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன்.

அந்த டிவி பழையது. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டும்தான் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரத்தை 4 ஜிபிக்குள் அடைத்தால், ஒலியும் சேர்த்து வினாடிக்கு 3 மெகாபிட் சொச்சம் டேட்டாதான் கிடைக்கும். வீடியோவைச் சுருக்கும் புதிய முறையான எச்.265 என்றால் தாராளமாக அடங்கும், ஆனால் அந்த டிவிக்கு அதற்கு முந்தைய எச்.264 மட்டுமே தெரியும்.

மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை 3 மெகாபிட்டில் அடைப்பது பெரிய வேலை இல்லை. தொல்லை கொடுத்தது அவர் கூட்டாளிகளோடு அரியமான் கடற்கரையில் சுற்றிய பத்து நிமிடம். என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கித் தரும் மென்பொருளோ சிப்போ, செய்வது என்ன? முந்தைய ஃப்ரேமில் இருந்த ஒவ்வொரு கட்டமும் இப்போது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி, நகர்ந்த தூரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. பாலத்தில் போகிற ரயில் என்றால் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். அலை அப்படியா? போன நொடியில் இருந்த நுரை இந்த நொடியில் இல்லை. தேடினாலும் கிடைக்காது, புதிதாகத்தான் எழுத வேண்டும், எழுதுவதற்குப் பிட் போதாது. கடல் சதுரம் சதுரமாக உடைவது அதனால்தான். குட்டிக் கணினிகளைச் சோதிக்க அலையைவிடக் கடுமையான பரீட்சை எனக்குத் தெரியாது. நமக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது.

அப்போது மண்டபம் ஊரில் என் மேசை மேல் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று என் சொந்த ராஸ்பெர்ரி பை 5, ஒரே பலகையில் அடங்கும் குட்டிக் கணினி. இன்னொன்று இன்டெல் என்100 சிப் போட்ட உள்ளங்கையளவு மினி பிசி. அது தங்கச்சிமடத்து மச்சானுடையது, லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தான். மூன்றாவது, ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட, இன்டெல் ஐ5-8500டி சிப் உள்ள செகண்ட் ஹேண்ட் குட்டிக் கணினி. அடாப்டர், கூலர், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் மூன்றும் அன்றைய விலையில் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரம் இல்லை. மூன்றிலும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் போட்டு, அதே பத்து நிமிடக் கடலை ஓட்டினேன்.

பை 5 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏமாந்தவன் நான்தானே. 2019-ல் வந்த பை 4-ல் எச்.264 என்கோடர் சிப்பிலேயே இருந்தது. 1080பி, வினாடிக்கு 30 ஃப்ரேம் வரை தாங்கும். 2023-ல் வந்த பை 5-ல் அதை எடுத்துவிட்டார்கள். எச்.265 படத்தை ஓட்டிக் காட்டத் தனி வன்பொருள் இருக்கிறது, ஆனால் என்கோட் செய்ய எதுவும் கிடையாது. புதிசு என்றால் எல்லாமே கூடத்தான் இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். நான்கு ஏ76 கோர்கள் (சிப்பில் கணக்குப் போடும் பகுதிகள்) 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் மென்பொருளாகவே சமாளிக்கும் என்பது உண்மைதான். எச்.264-க்கான என்கோடர் மென்பொருள் எக்ஸ்264-ஐ 'வெரிஃபாஸ்ட்' வேகத்தில் வைத்தால் நேரலைக்குப் போதும். ஆனால் எனக்கு வேண்டியது 'ஸ்லோ', மெதுவாகத் தேடி அதே அளவுக்குள் படத்தைத் தெளிவாக அடைக்கும் வேகம். அதில் போட்டால், படத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தது. பங்குனி வெயிலில், அறைக்குள் ஏசி இல்லாமல், அது 80 டிகிரியைத் தொட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கடல் நன்றாகத்தான் வந்தது. வர ரொம்ப நேரம் ஆனது, அவ்வளவுதான்.

இதே மாதிரி இன்னொரு பலகைக் கணினியான ஆரஞ்சு பை 5 வாங்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதன் ராக்சிப் ஆர்கே3588எஸ் சிப்பில் எச்.264, எச்.265 இரண்டுக்கும் என்கோடர் இருக்கிறது, காகிதத்தில் 8கே வரை. அதை எழுப்ப வேண்டும் என்றால் அந்த நிறுவனத்தின் தனி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), தனியாகத் திருத்திய எஃப்எஃப்எம்பெக் என்று ஒரு வாரம் உட்கார வேண்டும். எனக்குக் கடை இருக்கிறது, விட்டுவிட்டேன்.

என்100-ல் நடந்தது வேறு கதை. 2023 தொடக்கத்தில் வந்த சிப், நான்கு சின்ன கோர்கள், 6 வாட் என்று போட்டிருப்பார்கள். கோர்களை வைத்து எடை போட்டால் ஏமாந்துபோவோம். உள்ளே இன்டெலின் குவிக் சிங்க் இருக்கிறது. எச்.264, பத்து பிட் (நிறம் இன்னும் நுணுக்கமான) எச்.265 இரண்டையும் தனி வன்பொருளில் என்கோட் செய்கிறது. இன்னும் புதிய முறையான ஏவி1-ஐ ஓட்டிக் காட்டும், ஆனால் என்கோட் செய்யாது. மச்சானின் பெட்டியில் ஒரு மணி நேர 1080பி படம் கால் மணி நேரத்துக்குள் முடிந்தது, அந்த நேரம் முழுக்கக் கோர்கள் கிட்டத்தட்டச் சும்மா கிடந்தன. முதல் தடவை ஏதோ தப்பாகக் கட்டளை கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் கடலைப் பார்த்தேன். 10 மெகாபிட் கொடுத்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. 3 மெகாபிட்டில் நுரை மெழுகுபோல வழிந்தது, மணல் மேடு கஞ்சியானது. சிப்பில் இருக்கும் என்கோடர் கொஞ்ச தூரம்தான் முன்னால் பார்க்கும். எக்ஸ்264-ஐ இரண்டு ஓட்டமாக விட்டால், முதல் ஓட்டத்தில் மூன்று மணி நேரத்தையும் படித்துவிட்டு, அசையாத மேடைக் காட்சியிலிருந்து மிச்சம் பிடித்து அலைக்குக் கொடுக்கும். அதே என்100-ல் குவிக் சிங்கை விட்டுவிட்டு எக்ஸ்264 'ஸ்லோ' ஓட்டினேன். பை 5-ஐ முந்தியது, ஆனாலும் படத்தின் நீளத்தைவிடக் கூடுதல் நேரம்தான்.

இந்த இடத்தில்தான் பழைய ஆபீஸ் பெட்டி மானத்தைக் காப்பாற்றியது. 8500டி-யில் ஆறு முழு கோர்கள், 35 வாட். இரண்டாவது ஓட்டம் ஏறக்குறைய படம் ஓடுகிற நேரத்திலேயே முடிந்தது. ராத்திரி இஷா தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது போட்டேன், படுக்கப் போவதற்குள் ஃபைல் தயார். இந்த வகைப் பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாம் தலைமுறை இன்டெல் சிப்பில் பத்து பிட் எச்.265 என்கோடிங் வன்பொருளில் கிடையாது, ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஐ5 என்று மட்டும் சொல்லி விற்பார்கள், தலைமுறை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்த 8500டி போல எட்டாம் தலைமுறை என்றால் விண்டோஸ் 11-ம் ஒழுங்காக ஏறும்.

அப்படியானால் பழையதுதான் ஜெயித்ததா என்றால், இல்லை. எங்கள் பக்கம் கணினியைத் தின்பது வேலை இல்லை, உப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியே கையோடு வந்துவிடும், விசிறி உறிஞ்சுகிற காற்று மட்டும் எப்படி இருக்கும்? அந்த ஆபீஸ் பெட்டியை விற்றவர் உள்ளே சுத்தம் செய்தது என்றார். திறந்து பார்த்தால் வெப்பத்தகட்டின் இடுக்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. என்100-ல் விசிறியே இல்லாத, உடம்பு முழுக்க அலுமினியமான மாடல்கள் கிடைக்கின்றன. இந்தக் கரைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவது அதற்குத்தான். பை 5-க்கும் அப்படிப்பட்ட உறை உண்டு.

கரண்ட் இன்னொன்று. என்100 பெட்டி முழு வேகத்தில் ஓடும்போதுகூட ஒரு குண்டு பல்பு அளவுக்கு இழுக்காது. நிறைய மாடல்கள் 12 வோல்ட் அடாப்டரோடு வருகின்றன, அதனால் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்டி நிக்காஹ் நேரலையை நிற்காமல் அனுப்பலாம். பேட்டரியை நேராகச் செருகிவிடாதீர்கள். சார்ஜில் அது 14 வோல்ட்டைத் தாண்டும், நடுவில் ஒரு ரெகுலேட்டர் வேண்டும். ஆபீஸ் பெட்டி இதே வேலைக்கு இரண்டு மடங்கு தின்னும், சின்ன யுபிஎஸ் சீக்கிரமே அலறத் தொடங்கிவிடும்.

நேரலைக்கும் யூடியூபுக்கும் குவிக் சிங்க் போதும். யூடியூப் எப்படியும் நாம் ஏற்றுவதை மறுபடி என்கோட் செய்யத்தான் போகிறது, அங்கே நுணுக்கம் பார்த்து ராத்திரி முழுக்க விழிப்பது வீண். கொஞ்சம் பெரிய ஃபைலாகவே ஏற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புவதற்கு 2 ஜிபி வரம்பு, அதற்கும் எச்.265 அடங்கும். பத்து வருடக் கல்யாணங்கள் அடைந்து கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குகளையும் என்100 ராத்திரி ராத்திரியாக எச்.265 ஆக்கிக்கொண்டிருக்கிறது. பழைய டிவி, பென் டிரைவ், ஒரே ஃபைல் என்று யாராவது கேட்டால் மட்டும் பழைய ஐ5-ஐ எழுப்புகிறேன். மற்ற நேரம் அதைத் துணி போட்டு மூடி, அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

மச்சானிடம் அவன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புதிதாக இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்150 வந்துவிட்டதாமே, அதையே வாங்கு என்கிறான். வேகம் கொஞ்சம் கூட, என்கோடர் அதேதான் என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை. பை 5 இப்போது கடை வாசல் கேமராவின் பதிவைச் சேமிக்கிறது. கேமராவே என்கோட் செய்து அனுப்பிவிடுவதால் அதற்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை.